மந்தைவெளிக்கு சைக்கிளில் வர எந்தப் பாலம்?

வேளச்சேரியிலிருந்தோ திருவான்மியூரிலிருந்தோ மந்தைவெளிக்கு சைக்கிளில் வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் போனில் மேப்பைத் திறந்து கிட்டத்து வழியைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அடையாற்றை. தெற்கிலிருந்து யார் வந்தாலும் ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். அதற்கு வசதியாக இருப்பவை மூன்று பாலங்கள்தான்: கடல் பக்கம் திரு.வி.க. பாலம், நடுவே கோட்டூர்புரம் பாலம், மேற்கே சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். எந்தப் பாலம் என்று முடிவாகிவிட்டால் பாதி வழி முடிவான மாதிரி.

வேளச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. ஆற்றுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஐஐடி வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும் சேர்ந்து கிடக்கின்றன. குறுக்கே பொதுச் சாலை கிடையாது. கிழக்கே சுற்றினால் தரமணி, டைடல் பார்க், மத்திய கைலாஷ். மேற்கே சுற்றினால் கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை. மந்தைவெளிக்கு மேற்கு வழி வீண் சுற்று. கிழக்கே வந்தால் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். சென்னை தட்டையான ஊர், பாலங்களை விட்டால் ஏற்றமே இல்லை. நிதானமாக மிதித்தாலும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம்.

மத்திய கைலாஷில்தான் யோசிக்க வேண்டும். வலப்பக்கம் போனால் அடையாறு சிக்னல் வழியாக திரு.வி.க. பாலம். இடப்பக்கம் போய் காந்தி மண்டபம் சாலையில் திரும்பினால், அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டி கோட்டூர்புரம் பாலம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாதவரம் – சிப்காட் மெட்ரோ பாதை அடையாறு, கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி வழியாகத்தான் வருகிறது. ஆற்றுக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். மேலே, தகரத் தடுப்பு வைத்த இடத்திலெல்லாம் சாலை குறுகி, பஸ்ஸும் சைக்கிளும் ஒரே தடத்தில் நெருக்கியடிக்கின்றன. கோட்டூர்புரம் வழியில் பாலம் தாண்டியதும் செமியர்ஸ் ரோட்டைப் பிடித்து, ராஜா அண்ணாமலைபுரத்து உள்தெருக்களில் புகுந்து மந்தைவெளிக்கு வந்துவிடலாம். தூரம் கொஞ்சம் கூடும், மனசு பதறாது.

திருவான்மியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கே வேறு. எல்.பி. ரோட்டை விட்டுவிட்டு, கலாக்ஷேத்ரா பக்கமாக பெசன்ட் நகர் வந்து, தியசாபிகல் சொசைட்டி மதிலை ஒட்டிய பெசன்ட் அவென்யூவைப் பிடித்தால் நேரே திரு.வி.க. பாலம். அந்த மர நிழலுக்காகவே இந்த வழியில் வரலாம். பாலத்தில் மட்டும் கவனம் வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டியே போகாதீர்கள். அங்கே மணல் சேர்ந்திருக்கும், பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். இரண்டு மூன்று அடி தள்ளியே மிதியுங்கள். சாயங்காலம் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். பஸ் ஒன்று ஒட்டிக் கடந்தால் அதன் காற்றும் சேர்ந்து தள்ளும். அந்த நொடியில் ஹேண்டில்பார் ஆடும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேளச்சேரி – தரமணி சாலையில் காலையில் கிழக்கு பார்த்து, திரும்பும்போது மேற்கு பார்த்து மிதிக்கிறோம். இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே. நமக்குக் கண் கூசுவது பெரிதில்லை. பின்னால் வரும் கார்க்காரருக்கும் அப்படித்தான் கூசும், நம்மைத் தெரியவே தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், பகலிலும் பின்விளக்கைப் போட்டு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த யோசனை எதுவும் செல்லாது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்துக்குள் அடையாறு புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி தண்ணீரில் நின்றது. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்படித் தண்ணீர் தேங்கும் நாளில், ரயில் ஓடினால், வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளி ஸ்டேஷனிலேயே இறங்கலாம்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்த வழியில் தொடர்ச்சியாக ஒரு சைக்கிள் தடம்கூட இன்னும் இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு வேலைநாளில் ஆபீஸ் நேரத்திலேயே ஓட்டிப் பாருங்கள். விடியற்காலையில் சைக்கிளில் வரும் வாட்ச்மேன்களிடமும் சமையற்காரர்களிடமும் கேளுங்கள். அவர்களில் சிலர் சர்தார் படேல் சாலையிலிருந்து காந்தி மண்டபம் சாலைக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறார்கள். நானும் அங்கே இறங்கித்தான் தள்ளுகிறேன்.