நூல் தராசும் கோணல் எழுத்தும்

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நூல் கிடங்கில் சென்ற ஆண்டு நேர்ந்த சங்கடம் ஒன்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். மின்னணுத் தராசு காட்டும் எடையை, நூல் பெறுபவர் தம் கண்ணாலேயே காணவேண்டும் என்பதற்காக, ஆர்டுயினோ ஊனோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையையும் ஒரு சிறு திரையையும் அங்கே பொருத்தினோம். நிறுவையில் ஒளிவுமறைவு கூடாது என்பதே நோக்கம். ஆனால் அதுவே சந்தேகத்திற்கு வித்திட்டது. ஒருவருக்கு 5.360 என்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்து நின்ற மூதாட்டியாருக்கோ புள்ளி ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் ஜப்பானிய எழுத்துக்களாகத் தோன்றின. எழுத்தர் தராசின் முகப்பைப் பார்த்து 4.218 என்று பதிந்துகொண்டார்.

"தம்பி, என் நூலுக்கு மட்டும் ஏன் கோணல் எழுத்து வருகிறது?" என்று அவ்வம்மையார் கேட்டபொழுது எங்களால் பதில் கூற இயலவில்லை.

இக்கருவிகள் ஒரே கம்பியில் பிட்டுகளை, ஊடை இழைபோல், ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துகின்றன. விநாடிக்கு 9600 பிட் என்றால் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோ விநாடிதான். பொதுவான கடிகாரம் கிடையாது. இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒழுங்கை நம்பியே காரியம் நடக்கிறது.

முதலில் கம்பியின்மீதே பழியைப் போட்டோம். அனுப்பும் முனை மறுபுறத்தின் வாங்கும் முனைக்குச் செல்லவேண்டும். நிலக்கம்பி இரண்டுக்கும் பொதுவாதல் வேண்டும். தராசின் ஆர்.எஸ். 232 இணைப்பில் மின்னழுத்தம் 3 முதல் 15 வோல்ட் வரை இரு திசையிலும் ஊசலாடும். ஊனோவோ 0, 5 வோல்ட்டுகளையே அறியும். நேராக இணைத்தால் செய்தி தலைகீழாவதோடு முனையும் பழுதாகலாம். ஆகையால் இடையில் மேக்ஸ் 232 என்னும் சில்லை வைத்திருந்தோம். இவையெல்லாம் சரியாகவே இருந்தும் புதிய கம்பி வாங்கினோம்; பணம் விரயமானதே மிச்சம்.

பிறகு தராசைக் கழற்றிவிட்டு, சில்லின் அப்புறத்தில் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒன்றாகச் சேர்த்து, 0 முதல் 9 வரை அனுப்பிப் பார்த்தோம். அனைத்தும் பழுதின்றித் திரும்பி வந்தன. (ஊனோவில் 0, 1 எண் முனைகள் கணினி இணைப்புக்கும் உரியவை. நிரல் ஏற்றும்பொழுது அவற்றிலுள்ள கம்பிகளைக் கழற்றவேண்டும். இதை மறந்து அரை நாளைக் கழித்தோம்.) வேகம் பொருந்தவில்லையோ என்றால், அப்பொழுது எல்லா இலக்கமும் சிதைந்திருக்கும், 5.360 மட்டும் பிழைத்திருக்க வழியில்லை.

கடைசியில், வந்து சேரும் எழுத்துக்கு உரிய எண்ணையே திரையில் காட்டும்படி நிரலை மாற்றினோம். உண்மை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. '1' என்பது 49 ஆக வரவேண்டியதற்குப் பதில் 177 ஆக வந்தது; '2' என்பது 50க்குப் பதில் 178. வித்தியாசம் எப்பொழுதும் 128. 0, 3, 5, 6, 9 ஆகியவை ஒழுங்காக வந்தன. 1, 2, 4, 7, 8 ஆகியவை மட்டுமே கெட்டன.

தராசின் கையேட்டைப் புரட்டினோம். அது எழுத்துக்கு 7 பிட்டுகளை அனுப்பி, எட்டாவதாக ஒரு சரிபார்ப்புப் பிட்டைச் சேர்க்கிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையவேண்டும் என்பது அதன் விதி. '3' இன் குறியீட்டில் நான்கு ஒன்றுகள் இருப்பதால் சரிபார்ப்புப் பிட் 0. '1' இன் குறியீட்டில் மூன்றே இருப்பதால் அது 1 ஆகிறது. எங்கள் பலகையோ 8 பிட்டுகளையும் எழுத்தென்றே எண்ணி, அந்தச் சாட்சியை 128 என்று கூட்டிக்கொண்டது. தொடக்கப் பிட்டையும் முடிவுப் பிட்டையும் சேர்த்தால் இரு முறையிலும் மொத்தம் பத்தே பிட்டுகள் ஆதலால், வேறு எந்தக் கோளாறும் தலைகாட்டவில்லை.

நிரலில் 9600 என்பதோடு 7ஈ1 என்னும் அமைப்பையும் சேர்த்தோம். மூதாட்டியாரை அழைத்து, அவருடைய கட்டையே மீண்டும் நிறுத்தோம். திரையில் 4.218 என்று வந்தது. அவர் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் பேரேட்டில் கையொப்பமிட்டார்.