ஆமையும் கடற்புல்லும்



கல்முனைக்கு வடக்கே, மருதமுனையைத் தாண்டினால் பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இந்த வாவியின் ஆழமில்லாத இடங்களில் புல் மாதிரி ஒன்று தண்ணீருக்குள் ஆடும். பாசி என்று நினைக்காதீங்க, அது கடற்புல். பாசிக்கு வேரும் பூவும் கிடையாது. இதற்கு வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு, நம்ம தேயிலைச் செடி மாதிரியே.

இதையும் கடலாமையையும் ஏன் சேர்த்துப் பேசுகிறோம் என்றால், இரண்டின் முன்னோரும் தரையில் வாழ்ந்து, பல கோடி வருசத்துக்கு முன் கடலுக்குப் போனவை. புல் முழுசாகவே குடிபோய்விட்டது; பூத்துக் காய்ப்பதும் தண்ணீரில்தான். ஆமைக்கு அது முடியவில்லை. மூச்செடுக்க மேலே வரவேண்டும். முட்டையிடப் பெண் ஆமை கரையேற வேண்டும். மணலில் குழி தோண்டி நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுப் போய்விடும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் கூடும். (பிள்ளைகள் நம்பமாட்டார்கள், ஆனால் நிசம்.)

நம் நாட்டுக் கரைகளில் 5 வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. அதில் பேராமை வளர்ந்தபின் பெரும்பாலும் கடற்புல்லும் பாசியும்தான் தின்னும். மேய்கிற விதத்தைக் கேட்டால் கொழுந்தெடுக்கிற நம் பெண்களுக்குச் சிரிப்பு வரும். ஒரே இடத்தை மேய்ந்துவிட்டு, புதுத் துளிர் வந்ததும் திரும்ப அங்கேயே வரும். முற்றின இலையைவிடத் துளிரில் சத்து அதிகம், செமிக்கவும் லேசு. ரவுண்டு வைத்துக் கொழுந்தெடுப்பதுபோலத்தான்!

புல்லுக்கு வெயில் வேண்டும். மலையில் மண் கரைந்து ஆற்றோடு போய்த் தண்ணீர் கலங்கினால் வெயில் அடியில் எட்டாது, புல் செத்துப்போகும். ஆகவே நாம் கான் வெட்டி மண்ணைக் காப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

இன்னொன்று. கரைப்பக்கம் போனால் யாராவது ஆமை இறைச்சியோ முட்டையோ மருந்தென்று நீட்டினால் வாங்காதீங்க. பிடிப்பது, கொல்வது, விற்பது, முட்டை எடுப்பது எல்லாமே சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய பயம் நஞ்சு. முக்கியமாக அழுங்காமை இறைச்சியில் சில நேரம் நஞ்சு இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. பார்த்தும் மணந்தும் கண்டுபிடிக்க ஏலாது, மாற்று மருந்தும் இல்லை. தாய் சாப்பிட்டால் பால் வழியாகப் பச்சைக் குழந்தைக்கும் போய் உயிரையே எடுத்திருக்கிறது. தின்றபின் வாய் எரிச்சல், வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. என்ன சாப்பிட்டது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க. கூடச் சாப்பிட்ட மற்றவர்களையும் காட்டுங்க.