நியூ ஏஜ் இசைத் தொகுப்புகள்: ஒரு தலைமுறையின் ஏக்கமும் பெயர் விடுபட்ட குரல்களும்

கிழக்கு லண்டனில் தமிழர்கள் கணிசமாக வாழும் குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்ஃபோர்ட் பகுதிகளில், மற்றவர்கள் நன்கொடையாகக் கொடுத்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகளுக்குள் நுழைபவர்கள், குறுந்தட்டுகள் அடுக்கப்பட்ட அலமாரி ஒன்றைப் பெரும்பாலும் காண்பார்கள். அந்த அடுக்கில், பாடகரின் முகம் இல்லாமல் மேகமும் கடலும் மட்டும் அட்டையில் அச்சிடப்பட்ட தட்டுகள் சில அநேகமாக இருக்கும். 1990களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி விளம்பரங்களின் மூலம் ஏராளமாக விற்பனையான 'நியூ ஏஜ்' எனப்படும் புதுயுக இசைத் தொகுப்புகள் அவை.

அந்தத் தட்டுகளுக்கு இன்று ஒரு புதிய மதிப்பு ஏற்பட்டுள்ளது. 1990களில் சிறுவர்களாக இருந்து, இப்போது நாற்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அகதிகளாக வந்த பெற்றோருடன் லண்டனில் வளர்ந்த தமிழர்களும் இவர்களில் அடங்குவர். வீட்டில் ஒலித்தது சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் பாடிய ஒலிநாடாக்கள். பள்ளி விட்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டால் கேட்டது என்னவென்று புரியாத மொழியில், தாளத்தின் மீது மிதந்து வந்த ஒரு கூட்டுக்குரல். இரண்டாவது இசை வீட்டில் எவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகள் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கூட்டுக்குரல் யாருக்குச் சொந்தமானதாக இருந்தது என்ற கேள்வி எழும்போது, இந்த ஏக்கத்தின் கதை சற்றுச் சிக்கலாகிறது.

தொகுப்பு என்ற வணிகம்

நியூ ஏஜ் என்பது இசைக் கலைஞர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர் என்பதை விட, கடைக்காரர்கள் அலமாரிக்கு ஒட்டிய பெயர் என்றே சொல்ல வேண்டும். ராக் இசையும் அல்லாத, ஜாஸும் அல்லாத, மேற்கத்திய சாஸ்திரிய இசையும் அல்லாத, மனத்தை அமைதிப்படுத்துவதாகக் கூறப்பட்ட இசைக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1987 இல் கிராமி விருதுகளில் இதற்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அயர்லாந்துப் பாடகி என்யா 1988 இல் 'ஒரினோக்கோ ஃப்ளோ' பாடலுடன் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டினார். 1991 ஜனவரியில் 'எனிக்மா' என்ற பெயரில் மைக்கேல் கிரெட்டு தயாரித்த, கத்தோலிக்கத் துறவியரின் கிரகோரியன் கீர்த்தனையை நடனத் தாளத்துடன் இணைத்த பாடலும் அதே இடத்தைப் பிடித்தது.

இசை நிறுவனங்கள் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டன. இசைத்தட்டுக் கடைக்கு அதிகம் செல்லாத, எந்தப் பாடகரையும் பின்பற்றாத, ஆனால் மாலையில் களைத்து வீடு திரும்பும் நடுத்தர வயதினர் ஒரு பெரிய சந்தை. அவர்களிடம் கலைஞரின் பெயரைச் சொல்லி விற்க முடியாது. மனநிலையைச் சொல்லி விற்கலாம். வெர்ஜின் நிறுவனம் 1991 இல் பிரிட்டனில் 'மூட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. 1994 இல் அமெரிக்காவில் அது 'ப்யூர் மூட்ஸ்' ஆயிற்று. வெள்ளை நிற ஒற்றைக்கொம்புக் குதிரை காட்டில் ஓடும் அதன் தொலைக்காட்சி விளம்பரத்தை, அந்தத் தட்டை ஒருபோதும் வாங்காதவர்கள் கூட நினைவில் வைத்திருக்கிறார்கள். என்யா, எனிக்மா, மைக் ஓல்ட்ஃபீல்ட், பிரான்ஸின் 'டீப் ஃபாரஸ்ட்' குழு எனப் பலரது இசை அதில் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருந்தது.

தொகுப்பு என்றால் தமிழருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஒலிப்பதிவு நிலையங்களில் பாடல் பட்டியலை எழுதிக் கொடுத்து, அறுபது அல்லது தொண்ணூறு நிமிட ஒலிநாடாவில் பதிந்து வாங்கிய தலைமுறை அது. அந்த நாடாவின் உறையில் கையெழுத்தில் படத்தின் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் அது சரியான காரியம் அல்ல என்றாலும், யார் பாடியது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

மலைட்டா தீவின் தாலாட்டு

'டீப் ஃபாரஸ்ட்' குழு 1992 இல் வெளியிட்ட 'ஸ்வீட் லல்லபி' என்ற பாடல், 1994 இல் பிரிட்டிஷ் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. குழுவின் பெயரும் அட்டையும் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளையும் அங்கு வாழும் பிக்மி மக்களையும் நினைவூட்டின. கேட்டவர்களில் பலர் அதை ஆப்பிரிக்கத் தாலாட்டு என்றே நம்பினர். நோர்வேயின் புகழ்பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக் 1996 இல் அதே மெட்டை 'பிக்மி லல்லபி' என்ற தலைப்பில் வாசித்து வெளியிட்டார் என்பதே குழப்பம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைக் காட்டும்.

உண்மையில் அந்தத் தாலாட்டு பசிஃபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளைச் சேர்ந்தது. மலைட்டா தீவில், பாயெகு மொழி பேசும் அஃபுனாக்வா என்ற பெண் பாடியதை, இன இசை ஆய்வாளர் ஹ்யூகோ ஸெம்ப் பதிவு செய்தார். 1970களில் யுனெஸ்கோ ஆதரவில் வெளியான இசைத்தட்டு வரிசையில் அது இடம்பெற்றது. ஆய்வு நூலகங்களுக்காக எடுக்கப்பட்ட அந்தப் பதிவே பிறகு நடனத் தாளத்தின் மேல் ஏற்றப்பட்டது. அதில் தமக்கிருந்த மனக்குறையை ஸெம்ப் 1996 இல் ஆய்விதழ் ஒன்றில் பகிரங்கமாக எழுதினார். அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இந்த விவகாரம் கல்வித்துறையில் பரவலாக அறியப்பட்டது.

அந்தத் தாலாட்டின் பொருள் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோரை இழந்து அழும் சிறு குழந்தையை மூத்த உடன்பிறப்பு தேற்றுகின்ற பாட்டு அது. தொலைக்காட்சி விளம்பரத்தில் அது சூரிய உதயத்துக்கும் நீர்வீழ்ச்சிக்கும் பின்னணியாக ஒலித்தது. இலங்கையின் வடபகுதியில் போரில் உறவுகளை இழந்து லண்டன் வந்து சேர்ந்த குடும்பங்களின் வரவேற்பறைகளிலும் அது ஒலித்திருக்கும். 1990களின் முற்பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்டு வந்தவர்கள் அவர்கள். தமது பிள்ளைகள் ரசிக்கும் அந்த இனிய ஒலி அனாதைக் குழந்தையின் தாலாட்டு என்பதை அறிய அவர்களுக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அந்தக் காலத்து நியூ ஏஜ் தொகுப்புகளில் கேட்பவருக்கு வழங்கப்பட்டதெல்லாம் 'பழங்குடியினரின் குரல்' என்ற மங்கலான உணர்வு மட்டுமே. அந்த மங்கலே விற்பனைக்கு உதவியது என்றும் கூறலாம்.

வழக்குத் தொடுத்த முதியவர்

எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்' பாடலின் கதை வேறு விதமாக முடிந்தது. உலகம் முழுவதும் பிரபலமான அந்தப் பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் குரல்கள் தாய்வானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், அவரது மனைவி இகாய் ஆகியோருடையவை. 1988 இல் தாய்வான் பழங்குடி இசைக்குழு ஒன்று ஐரோப்பா வந்தபோது அவர்கள் பாடியது பாரிஸில் பதிவாகி, பின்னர் ஒரு பண்பாட்டு நிறுவனத்தின் குறுந்தட்டாக வெளியானது. எனிக்மா அங்கிருந்து குரலை எடுத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளுக்கான விளம்பரத்தில் பாடல் பயன்படுத்தப்பட்ட பிறகு விஷயம் பெரிதாகியது. விவசாயியான அந்த முதியவர் தரப்பில் 1998 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அந்தக் குரல்கள் எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்து என்று தாம் கருதியதாக கிரெட்டு தரப்பு விளக்கமளித்தது. 1999 இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டு, தம்பதியினருக்கு உரிமத்தொகையும் பெயர் அங்கீகாரமும் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. டிஃபாங் 2002 இல் காலமானார்.

காலம் அப்படி, அப்போது எவரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதம் நிற்காது. 1989 இல் பீட்டர் கேப்ரியல் தமது 'பேஷன்' இசைத்தட்டை வெளியிட்டபோது, அதற்குத் தூண்டுதலாக இருந்த பல நாட்டுக் கலைஞர்களின் இசையை அவர்களது பெயருடனேயே 'பேஷன் சோர்சஸ்' என்ற தனித் தட்டாகவும் வெளியிட்டார். நியூ ஏஜ் பிரிவில் 1990 ஆம் ஆண்டின் கிராமி விருதைப் பெற்றதும் இதே 'பேஷன்'தான். பெயர் குறிப்பிட்டால் மர்மம் கெட்டு விற்பனை குறையும் என்ற அச்சத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை.

அந்தத் தட்டில் ஒலிக்கும் இரட்டை வயலின் ஒரு தமிழருடையது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. எல். ஷங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்தைத் தொடர்ந்து அக்குடும்பம் இந்தியா திரும்பியது. வெளிநாட்டு இசைத்தட்டில் தமிழ்ப் பெயரைத் தேடிய குட்மேய்ஸ் சிறுவன் ஒருவன் அந்த உட்தாளைப் பிரித்திருந்தால், அங்கே ஷங்கர் என்று அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பான். இளையராஜா 1986 இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்', 1988 இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுடன் வெளியிட்ட 'நத்திங் பட் விண்ட்' ஆகியவையும் இதே காலத்தவை. என்ன பெயரிட்டு அழைப்பது என்பதையே தலைப்பாக்கிய இசைத்தட்டை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர்கள் திண்டாடியிருந்தால் வியப்பில்லை.

மீண்டும் அச்சாகாத தட்டுகள்

பழைய தட்டுகளைத் தேடி ஏன் சாரிட்டி கடைக்குப் போக வேண்டும், எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. பாடல்கள் கிடைக்கின்றன, தொகுப்பு கிடைப்பது கடினம். தொகுப்பு வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு பாடலுக்கும் அதன் உரிமையாளரிடம், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நாடுகளுக்கு என அனுமதி பெறுகிறது. காலம் முடிந்தால் மீண்டும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். பதினைந்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அதைச் செய்வது இலாபகரமானதல்ல. ஆகவே ரசிகர்கள் அதே வரிசையில் பாடல்களைத் தாங்களே அடுக்கிப் பட்டியல் தயாரிக்கிறார்கள். ஒலிப்பதிவு நிலையத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்த தந்தையின் பழக்கம் மகளிடம் வேறு உருவில் தொடர்கிறது.

நியூ ஏஜ் என்ற பெயரும் மறைந்துவிடவில்லை. கிராமி விருதுப் பிரிவு இன்று மந்திர உச்சாடன இசையையும் சேர்த்துக்கொண்டு விரிவடைந்துள்ளது. சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன், 'திரிவேணி' என்ற இசைத்தொகுப்புக்காக 2025 பிப்ரவரியில் அந்த விருதைத் தமது இரு சக கலைஞர்களுடன் பகிர்ந்துகொண்டார். ஒரு காலத்தில் கீழைத்தேயக் குரல்கள் பின்னணியில் மட்டும் ஒலித்த பிரிவில், அவர் தமது சொந்தப் பெயரில் மேடையேறினார்.

பழங்குடிச் சமூகங்களின் பாடல்களுக்கான பாதுகாப்பு அந்த வேகத்தில் முன்னேறவில்லை. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இதற்கென 2000 ஆம் ஆண்டில் அரசுகளுக்கிடையிலான குழு ஒன்றை அமைத்தது. மரபணு வளங்களும் அவற்றோடு தொடர்புடைய மரபறிவும் குறித்த உடன்படிக்கை 2024 மே மாதத்தில் நிறைவேறியது. பாட்டு, கூத்து, தாலாட்டு போன்ற மரபுவழிப் பண்பாட்டு வெளிப்பாடுகள் அந்த உடன்படிக்கையின் வரம்புக்குள் வரவில்லை. பாடியவரின் பெயர் தெரிந்திருந்தாலும் இயற்றியவர் பெயர் தெரியாத பாட்டுக்கு உரிமையாளர் யார் என்பதில் நாடுகள் இன்னும் உடன்படவில்லை. நாட்டுப்புறப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் திரைப்படங்களுக்கு எடுத்துக் கொடுத்துள்ள தமிழ்ச் சமூகத்துக்கும் இது அந்நியமான பிரச்சனை அல்ல.

டிஃபாங் பெற்ற அங்கீகாரம் 1999 உடன்பாட்டுக்குப் பிறகு வெளியாகும் பதிப்புகளுக்கானது. சாரிட்டி கடை அலமாரிகளில் இருப்பவையோ பெரும்பாலும் அதற்கு முன் அச்சானவை. அவற்றின் உட்தாளில், அந்தப் பாடலுக்கு எதிரே, எனிக்மா என்று மட்டுமே இருக்கிறது.