தூரத்துப் பாயிண்டு

பெரம்பலூர் ஜில்லாவின் தலைநகரந்தான்; ஆயினும் அவ்வூருக்கு ரயில் கிடையாது. ஆதலால் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரயில் காட்ட வேண்டுமானால் பஸ் ஏறி அரியலூருக்குத்தான் போகவேண்டும். சென்ற விடுமுறையில் அவ்வாறு போய் வந்தவர்கள், திரும்பியதும் வகுப்பு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பதினாறடி நீளத்தில் ஒரு பொம்மை ரயில் பாதை அமைத்தார்கள். வண்டியை நேர்வழியிலிருந்து பக்கவழிக்குத் திருப்பும் பாயிண்டுகள் இரண்டு. ஒன்று பித்தானுக்கு அருகில், மற்றொன்று மறுகோடியில்.

அருகிலிருந்தது துள்ளி விழுந்து வேலை செய்தது. மறுகோடியில் இருந்தது முனகியதோடு சரி. இரண்டுக்கும் ஒரே 12 வோல்ட் மின்சாரந்தானே என்று பிள்ளைகள் திகைத்தார்கள். குற்றம் பாயிண்டின்மேல் இல்லை, கம்பியின்மேல். பாயிண்டை இழுக்கும் கம்பிச்சுருளின் தடை 4 ஓம் என்று கொள்வோம். நேராக இணைத்தால் 3 ஆம்பியர் பாயும். போகவும் வரவுமாக மெல்லிய கம்பி 2 ஓம் தடையைச் சேர்த்தால், பாய்வது 2 ஆம்பியர்தான். இழுவிசையோ ஏறக்குறைய மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஒன்பது பங்கு இருந்த இடத்தில் நாலு பங்குதான் மிஞ்சும். பாதிகூட இல்லை!

தடித்த கம்பி போடலாம். அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. பாயிண்டின் அருகிலேயே ஒரு சிறு பெட்டியில் மின்தேக்கி ஒன்றையும் ரிலே ஒன்றையும் வைத்துவிடுவது. மெல்லிய கம்பி வழியே மின்சாரம் சொட்டுச் சொட்டாக வந்து தேங்கி நிற்கும். பித்தானை அழுத்தினால் ரிலே மடையைத் திறந்துவிடும். தேங்கியது ஒரே மூச்சில் பாயும். பையன் பித்தானிலிருந்து கையை எடுக்க மறந்தாலும் சுருள் கருகாது. அரியலூரில் தண்டவாள ஓரமாக நிற்கும் இரும்புப் பெட்டிகளும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாம்.

முற்காலத்தில் மின்சாரம் இல்லை; காபினில் நெம்புகோலை இழுத்தால் நீண்ட இரும்புத் தண்டுகள் பாயிண்டை அசைக்கும். வெயிலில் தண்டு நீளும், குளிரில் சுருங்கும். அதைச் சரிக்கட்டத் தனியே ஓர் அமைப்பு வேண்டும். தூரம் என்பது அன்றும் தொல்லைதான். இன்று 110 வோல்ட் மோட்டார் அந்த வேலையைச் சில விநாடிகளில் முடிக்கிறது.

இவ்வளவும் செய்து, பச்சை விளக்கும் பொருத்தி வண்டியை விட்டோம். விளக்கு எரிந்தது, வண்டி கவிழ்ந்தது! குனிந்து பார்த்தால், அசையும் தண்டவாளத்தின் இடுக்கில் ஒரு வேர்க்கடலைத் தோல். விளக்கின் கம்பியை நாம் பித்தானோடு இணைத்திருந்தோம். கட்டளை போயிற்று என்பதைத்தான் அது சொல்லிற்று. காரியம் நடந்ததா என்று அதற்குத் தெரியாது. நாமும் அருகிலிருந்து பார்த்துவிட்டு "பேஷ்" என்று சொன்னவர்தாம். ஆகவே பிள்ளைகளைக் கோபிக்க நமக்கு உரிமை இல்லை.

மெய்யான ரயில்வேயில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பாயிண்டின் இடுக்கில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைச் செருகி மோட்டாரை ஓட்டுவார்கள். பாயிண்டு பூட்டிக்கொள்ளவும் கூடாது, 'சேர்ந்துவிட்டேன்' என்று செய்தி அனுப்பவும் கூடாது. அந்தச் செய்தி வந்த பிறகே கைகாட்டி பச்சை காட்ட வேண்டும்.

அச்செய்தியே பொய்யானால் என்ன நேரும் என்பதை நாடே கண்டது. 2023 ஜூன் 2ஆம் தேதி, ஒடிஸாவின் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்வழியில் போகப் பச்சை காட்டியிருந்தது. பாயிண்டோ பக்கவழிக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதி, 290க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முன்பு செய்த கம்பி மாற்றத்திலும், லெவல் கிராஸிங் கேட்டுக்காக அன்று நடந்த வேலையிலும் நேர்ந்த பிழைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரின் விசாரணை கண்டது. மோட்டாருக்குப் பலம் குறையவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மறுநாள் பிள்ளைகள் விளக்கின் கம்பியைப் பித்தானிலிருந்து கழற்றினார்கள். அசையும் தண்டவாளம் முழுதும் போய்ச் சேர்ந்தால் மட்டுமே தொடும்படி ஒரு பித்தளைத் துண்டை வைத்து, அதிலிருந்து விளக்குக்குத் தனிக் கம்பி இழுத்தார்கள். பிறகு அவர்களே தேடி ஒரு வேர்க்கடலைத் தோலை எடுத்துவந்து இடுக்கில் வைத்தார்கள். பித்தானை அழுத்தியாயிற்று. விளக்கு எரியவில்லை. வகுப்பு முழுவதும் கைதட்டிற்று.