அடுத்த வீட்டுக் கதவு

1982-ல் ஒரு புதுமணப்பெண்ணின் மரணம் புனே பெண்களைப் பேச வைத்தது. வீட்டு அமைதி என்பது வாய்மூடிக் கிடப்பதல்ல என்று அவர்கள் நகரத்துக்குச் சொன்ன பாடம் இன்னும் முடியவில்லை.

மராத்தியில் ஒரு பழமொழி உண்டு: 'கரோகரீ மாதீச்யா சூலீ'. வீட்டுக்கு வீடு மண் அடுப்புதான் என்று பொருள். தமிழில் பெயர்க்க அகராதி தேவையில்லை. 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்று நம்மிடம் தயாராகவே இருக்கிறது. பக்கத்து வீட்டில் பாத்திரம் பறந்தாலும் பெண்ணின் அலறல் கேட்டாலும் டி.வி.யின் ஒலியைக் கூட்டிவிட்டு நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. இரண்டு மொழிகளும் சொல்ல வருவது ஒன்றுதான். அது அவர்கள் வீட்டு விஷயம்.

அந்த ஆறுதலை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேள்வி கேட்ட நகரம் புனே. கேட்டவர்கள் பெண்கள்.

1982 பிப்ரவரியில் மஞ்சுஸ்ரீ சார்தாவுக்குத் திருமணம் நடந்தது. மராத்வாடாவின் பீட் நகரத்திலிருந்து புனேக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். ஜூன் 11-ம் தேதி இரவு கணவர் வீட்டில் அவர் இறந்துபோனார். உயிரைப் பறித்தது பொட்டாசியம் சயனைடு. திருமணமாகி நான்கே மாதம்.

கொலையா, தற்கொலையா? புனே செஷன்ஸ் நீதிமன்றம் கொலை என்று முடிவுசெய்து கணவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. தற்கொலையாக இருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, 1984 ஜூலை 17-ல் அவரை விடுதலை செய்தது. நீதிபதி பஸல் அலி தலைமையிலான அந்த மூவர் பெஞ்சில் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ.வரதராஜனும் ஒருவர்.

சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் என்னென்ன நிரூபிக்கப்பட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு ஐந்து விதிகளை வகுத்தது. நீதிமன்றம் அவற்றுக்குச் சூட்டிய பெயர் 'பஞ்சசீலம்'. நிரபராதி தூக்கில் தொங்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த விதிகள் இன்றும் காவல். நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு கணவர் பெயரில்தான் இருக்கிறது. இறந்துபோன பெண்ணின் பெயரைக் காப்பாற்றி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

'நானும் ஒரு மஞ்சுஸ்ரீ'

மஞ்சுஸ்ரீயின் மரணமும் அதே காலத்தில் நடந்த இன்னொரு இளம்பெண்ணின் மரணமும் புனேயின் நடுத்தர வர்க்கத்தை உலுக்கின. படித்த குடும்பம், வசதியான வீடு, கௌரவமான சம்பந்தம். இங்கெல்லாமா இப்படி நடக்கும்? 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற ஒற்றைப் பத்திச் செய்தியைத் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வாசகர்கள் முதல்முறையாகத் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

1930 முதல் வெளிவந்த 'ஸ்த்ரீ' என்ற மராத்திப் பத்திரிகையில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தவர் வித்யா பால். அவரும் தோழிகளும் சேர்ந்து 1982-ல் 'நாரி சமதா மஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெண் சமத்துவ மேடை என்று தமிழில் சொல்லலாம். அவர்களுடைய முதல் பெரிய முயற்சி ஒரு கண்காட்சி. தலைப்பு 'மீ ஏக் மஞ்சுஸ்ரீ'. அதாவது 'நான் ஒரு மஞ்சுஸ்ரீ'.

புனேயில் தொடங்கிய கண்காட்சி மகாராஷ்டிரத்தில் ஊர் ஊராகச் சென்றது. பார்க்க வந்த பெண்கள் பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. நின்றார்கள். தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தலைப்பில் இருந்த 'நான்' வெறும் சொல்லலங்காரம் அல்ல என்பது அமைப்பாளர்களுக்கே அப்போதுதான் புரிந்தது. இத்தனை பேர் பேசக் காத்திருக்கிறார்கள் என்றால், உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வேண்டாமா? அப்படிப் பிறந்ததுதான் 'போல்தே வ்ஹா' ஆலோசனை மையம். பெயரின் பொருள் 'பேசத் தொடங்குங்கள்'.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மஞ்சுஸ்ரீ பேசாமல் இருந்தவர் அல்ல. பிறந்த வீட்டாரிடம் தன் துயரத்தைச் சொன்னார். சகோதரிக்கும் தோழிக்கும் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கின்றன. அவற்றை மரண வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பக்கம் பக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. உயிரோடு இருந்தபோது குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவந்த ஒரு பெண்ணின் சொல், இறந்த பிறகு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது.

ஆகவே பெண்ணைப் பார்த்து 'பேசு' என்று சொன்னால் மட்டும் போதாது. குடும்பத்துக்கு வெளியே, மரணத்துக்கு முன்பு, கேட்பதற்கு ஒரு காது வேண்டும். புனேயின் பெண்கள் கண்டுகொண்டது இதைத்தான்.

பழைய பாடம்

இந்த நகரத்துக்கு இது புதிதும் அல்ல. 1848-ல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஜோதிராவ், சாவித்ரிபாய் புலே தம்பதி 1863-ல் தொடங்கிய இன்னொரு நிறுவனத்தின் பெயர் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம். ஏமாற்றப்பட்டோ வன்முறைக்கு ஆளாகியோ கருவுற்ற இளம் விதவைகளுக்கு அன்று இரண்டே வழிகள் இருந்தன. தான் சாக வேண்டும், அல்லது குழந்தையைக் கொல்ல வேண்டும். மூன்றாவது வழியாக ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள் புலே தம்பதி. அந்த இல்லத்தில் பிறந்த ஒரு விதவையின் மகனைத் தங்கள் மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார்கள். குற்றம் நடந்தபின் தண்டிப்பது ஒரு வேலை. நடக்குமுன் கதவைத் திறந்துவைப்பது வேறு வேலை.

1980-களில் சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு 1983-ல் வந்தது. திருமணமான ஏழு ஆண்டுக்குள் நிகழும் வரதட்சணை மரணம் பற்றிய 304-பி பிரிவு 1986-ல் வந்தது. (2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவற்றின் எண்கள் மாறியிருக்கின்றன, உள்ளடக்கம் தொடர்கிறது.) டாட்டா சமூக அறிவியல் கழகம் 1984-ல் பம்பாய் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காக்கிச் சீருடைக்குப் பக்கத்தில் சமூகப் பணியாளருக்கு ஒரு நாற்காலி. பின்னர் மகாராஷ்டிர அரசே அதை ஏற்று மாநிலமெங்கும் விரிவுபடுத்தியது. அடிவாங்கும் பெண்ணுக்கு அதே வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் தரும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது.

நகரத்தைத் தாண்டினால் புரந்தர் தாலுகா. புனே மாவட்டத்தின் வறண்ட பகுதி. அங்கே 1987-ல் மனிஷா குப்தேயும் ரமேஷ் அவஸ்தியும் 'மாசூம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உடல்நலம், சிறுசேமிப்பு, வன்முறைக்கு எதிரான ஆலோசனை மூன்றும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அதே கிராமத்துப் பெண்கள். காரணம் எளிமையானது. வயிற்றுவலி என்று வரும் பெண்ணின் முதுகில் இருக்கும் தழும்பை அடுத்த தெருக்காரிதான் முதலில் பார்க்கிறாள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும் பெண்தான் 'போய்விடுவேன்' என்று சொல்லத் துணிகிறாள்.

யாருடைய சமரசம்?

அமைதி என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 2007 ஆகஸ்ட் 15-ல் மகாராஷ்டிர அரசு மகாத்மா காந்தியின் பெயரில் 'தகராறு இல்லாத கிராமம்' இயக்கத்தைத் தொடங்கியது. ஊர்க் கமிட்டி வழக்குகளைப் பேசித் தீர்க்க வேண்டும். தீர்த்த கிராமத்துக்குப் பரிசுப் பணம். வரப்புச் சண்டைக்கும் தண்ணீர்ச் சண்டைக்கும் அருமையான யோசனை. ஆனால் புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணின் புகாரும் 'தகராறு' கணக்கில் சேர்ந்துவிட்டால்? ஊருக்குப் பரிசு கிடைக்க அவள் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் போதும். சண்டை நின்றுவிட்டது என்று ஏட்டில் எழுதிவிடலாம். அடி நின்றதா என்று எழுத அந்த ஏட்டில் பத்தி இல்லை.

நமக்கும் இது தெரியாத கதை அல்ல. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. சீருடையில் பெண் இருந்தால் தயங்காமல் உள்ளே வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு வீண்போகவில்லை. வந்தார்கள். ஆனால் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா' என்ற வாக்கியம் சீருடை அணிந்தும் வரக்கூடும் என்பது போய்வந்த பெண்களுக்குத் தெரியும்.

சமரசமே கூடாது என்பதல்ல. அதை யார் செய்கிறார்கள், அவள் அந்த அறையில் இருக்கிறாளா என்பதே கேள்வி. புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' அமைப்பின் ஷரீபா கேட்டது அதைத்தான். பெண்ணின் மணவாழ்க்கை பற்றிப் பேசும் ஜமாத்தில் பெண்ணுக்கே இடமில்லை என்ற நிலையில், பெண்களே நடத்தும் ஜமாத் அங்கே உருவானது. தீபா தன்ராஜ் அதைப் பற்றி ஓர் ஆவணப் படமே எடுத்தார். 2000 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1325-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றி, அமைதிப் பேச்சு மேசைகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. போர்நிறுத்தத்துக்குப் பொருந்தும் நியாயம் புழக்கடைக்கும் பொருந்தும். அடி வாங்கியவரை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் உடன்படிக்கை நிலைக்காது.

நாரி சமதா மஞ்ச் இன்னொரு படியும் ஏறியது. அடிப்பவர்களும் மனிதர்கள்தானே, அவர்களோடு யார் பேசுவது என்று கேட்டு, ஆண்களுக்கென்று 'புருஷ் சம்வாத் கேந்திரா' என்ற உரையாடல் மையத்தைத் தொடங்கியது. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் கத்தி என்ன ஆகும் என்று யோசித்தவர்களின் முயற்சி இது. 1989-ல் 'மிளூன் சார்யாஜணீ' என்ற மாத இதழைத் தொடங்கிய வித்யா பால், கோவில்களில் பெண்களுக்கு நுழைவுரிமை கேட்டு 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார். 2020 ஜனவரி 30-ல் 83 வயதில் புனேயில் மறைந்தார்.

மறுபடியும் ஒரு மஞ்சுஸ்ரீ

பாடம் முடிந்துவிட்டதா? 2025 மே 16-ல் புனேயை அடுத்த முல்ஷி தாலுகாவில் ஓர் இளம் தாய் கணவர் வீட்டில் இறந்துபோனார். அரசியல் செல்வாக்குள்ள குடும்பம். காரும் நகையும் கொடுத்தும் கொடுமை ஓயவில்லை என்பது பெண் வீட்டாரின் புகார். கணவர் வீட்டார் கைது செய்யப்பட்டார்கள். குற்றம் நிரூபணமாக வேண்டிய இடம் நீதிமன்றம்தான். ஆனால் பிறகு வெளிவந்த ஒரு செய்தி தூக்கத்தைக் கெடுப்பது: அதே வீட்டின் மூத்த மருமகள் பல மாதங்களுக்கு முன்பே போலீஸில் புகார் கொடுத்திருந்தார். சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டிய காது கேட்கவில்லை.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 25.2 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் மார்தட்டும் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். இவற்றைவிடக் கனமான எண் ஒன்று இருக்கிறது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே.

அந்த 77 பேரும் யாரோ ஒருவருக்கு அடுத்த வீடுதான். புனேயின் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவிலும், மயிலாப்பூரிலும், தாராவியிலும், கரோல்பாக்கிலும் அந்த வீடு இருக்கும். மொழி தெரியாத ஊருக்கு வாழவந்த பெண் என்றால் அவளுக்குச் சுவர் ஒன்றல்ல, இரண்டு.

2008-ல் 'பிரேக்த்ரூ' அமைப்பு 'பெல் பஜாவ்' என்றொரு பிரசாரம் நடத்தியது. மணியை அடியுங்கள் என்று பொருள். விளம்பரத்தில் வருபவர் சண்டை போடப் போவதில்லை. அடி விழும் வீட்டுக் கதவின் மணியை அடித்து, கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்கிறார். அவ்வளவுதான். வெளியே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவளுக்கும் தெரிந்துவிடுகிறது.

அது முதல் படி மட்டுமே. அதற்குப் பிறகு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆலோசனை மையம் இருக்கிறது. ஆனால் உறைமோர் கேட்டு எத்தனையோ முறை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம். அலறல் கேட்கும் இரவிலும் உறைமோர் தீர்ந்துபோகலாம்.