ஆழ்கடலுக்கும் ஒரு வெப்பமானி

பவளப்பாறைகள் வெளுக்கப்போகின்றன என்ற எச்சரிக்கை இன்று விண்வெளியிலிருந்து வருகிறது. செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கின்றன. அது வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால், அமெரிக்காவின் நோவா அமைப்பு வெளியிடும் வரைபடத்தில் அந்த இடம் சிவக்கும். தீவு நாடுகள் பலவும் இதை நம்பியே தங்கள் பவளத்திட்டுகளைக் கண்காணிக்கின்றன. ஆனால், மேற்பரப்பு குளுமையாக இருப்பதால் அடியிலும் ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது. இந்தியப் பெருங்கடலின் நடுவே, சாகோஸ் தீவுக்கூட்டத்தின் எக்மான்ட் பவளத்தீவு அதற்குச் சாட்சி.

2019 நவம்பரில் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஆளில்லா நீர்மூழ்கி ரோபோவை இறக்கினார்கள். மேலே இருந்த பவளங்கள் நிறம் குன்றாமல் இருந்தன. 90 மீட்டர் ஆழத்தில் இருந்தவையோ வெளுத்துக் கிடந்தன. அந்த ஆழத்தில் எட்டுவது மங்கலான நீல ஒளிதான். அதைச் சிந்தாமல் வாங்கிக்கொள்ள, லெப்டோசெரிஸ் போன்ற பவளங்கள் தாம்பாளம்போல மெல்லியதாக விரிந்து வளர்கின்றன. அவற்றுக்குப் பழகியது 22 டிகிரி நீர். அது 29 வரை ஏறியிருந்தது. ஆழமற்ற கடலின் பவளத்துக்கு 29 டிகிரி அன்றாடச் சங்கதி. ஆழத்துப் பவளம் அந்தச் சூட்டில் தனக்கு உணவளிக்கும் பாசியையே இழந்துவிடுகிறது. நம் மழைச் செய்திகளில் அடிபடும் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வே இதற்குக் காரணம். அந்த ஆண்டு அது மிக வலுவாக இருந்ததால், வெதுவெதுப்பான மேல்நீரின் அடுக்கு தடித்துக் கீழே இறங்கியது. 2023இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: வெப்பம் மேற்பரப்பில் தடம் காட்டாமல் அடியில் தாக்கக்கூடும்.

ஆழம்தான் பவளங்களின் கடைசிப் புகலிடம், மேலே அழிந்தாலும் கீழிருந்து மீண்டும் பரவும் என்ற வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், 40 மீட்டர் ஆழத்தில் வெளுப்பு குறைவாகவே இருந்தது. குறைவுதானே தவிர, இல்லாமல் போகவில்லை. மேலும், ஆழத்தில் வாழும் இனங்கள் பலவும் மேலே காணப்படாதவை என்று 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வேறு இனங்கள் குடியிருக்கும் இடத்தை மேல்தளத்தின் நாற்றங்காலாக நம்பியிருக்க முடியாது.

எக்மான்ட் பவளங்கள் பின்னர் பெரும்பாலும் தேறிவிட்டனவே என்று கேட்கலாம். தேறியது உண்மை, மறுபடியும் போய்ப் பார்த்ததால்தான் அதுவும் தெரிந்தது. புவி வெப்பமடையும்போது வலுவான இருமுனை நிகழ்வுகள் அடிக்கடி வரும் என்பது காலநிலை மாதிரிகள் பலவற்றின் கணிப்பு. மெதுவாக வளரும் ஆழத்துப் பவளங்களுக்கு அடுத்தடுத்த அடிகளுக்கு நடுவே தேற அவகாசம் கிடைக்குமா என்பதை, தொடர்ந்து அளந்தால்தான் சொல்ல முடியும்.

அதற்கு ஆகும் செலவு பெரிதல்லவா? கப்பலும் ரோபோவும் செலவு மிக்கவைதான். ஆனால் நீரின் வெப்பத்தைப் பதியும் கருவி உள்ளங்கையில் அடங்கும். சரிவில் பொருத்திவிட்டால் மாதக்கணக்கில் தானே பதிவுசெய்யும். கடலெங்கும் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை அளக்கின்றன. ஆனால் அவை நீரோட்டத்தோடு போகிறவை, ஒரு தீவின் சரிவில் நின்று காவல் காப்பவை அல்ல. எனவே, பவளத்திட்டு உள்ள தீவுகளில் 30, 60, 90 மீட்டர் ஆழங்களில் நிலையான வெப்பப் பதிவுகளைத் தொடங்கி, அவற்றைச் செயற்கைக்கோள் எச்சரிக்கையோடு சேர்த்துப் படிப்பதே அறிவியலும் அரசுகளும் அடுத்துச் செய்யவேண்டிய வேலை.