ஊதியமும் உள்ளுரமும்: ஹரோல்ட் வாக்ஸ்ராப்

ஊதியம் பெற்று விளையாடுவோனிடம் உண்மை வீரம் நிலையாதென்பார் முன்னாளிற் பலர். அக்கூற்றின் தகுதியை அறிய, இங்கிலாந்தின் ஹரோல்ட் வாக்ஸ்ராப் வரலாற்றை நோக்குவோம்.

வட இங்கிலாந்தின் றக்பி ஆட்டக்காரருட் பலர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோர். ஆடச் செல்லும் நாளில் அவர்தம் கூலி அற்றுப்போகும். அவ்விழப்பை ஈடுசெய்தல் குற்றமென ஆளுங் கழகம் விதித்தமையால், 1895ஆம் ஆண்டில் வடபுலக் குழுக்கள் ஹடேர்ஸ்பீல்ட் நகரிற் கூடித் தனிச்சங்கம் அமைத்தன. 1906இல் அச்சங்கம் அணிக்கு 15 பேரென்றிருந்ததை 13 ஆக்கிற்று. அவ்வாண்டிலேயே, 1891இற் பிறந்த வாக்ஸ்ராப் 15 வயதினராய் ஹடேர்ஸ்பீல்ட் அணியிற் களமிறங்கினார். பின்னர் அதன் தலைவராகி, 1914-15 பருவத்தில் நான்கு வெற்றிக் கிண்ணங்களையும் ஈட்டிக்கொடுத்தார்.

பிரித்தானிய அணித் தலைவராய் 1914 ஜூலை 4ஆம் நாள் அவர் சிட்னியில் அவுஸ்திரேலியரை எதிர்த்தார். எட்டு நாளில் அது மூன்றாவது பெரும் போட்டி. காயமுற்றோர்க்கு மாற்றாள் இறக்கும் வழக்கம் அன்றில்லை. வீரர் ஒருவர்பின் ஒருவராய் அடிபட்டு வெளியேற, ஒரு கட்டத்திற் பதின்மரே எஞ்சினர். அந்நிலையிலும் வாக்ஸ்ராப் எதிரணியை ஊடறுத்தோடித் தம் தோழர்க்குப் பந்தளித்துப் புள்ளி பெறச் செய்தார். 14க்கு 6 என வெற்றி கிட்டிற்று.

1920இலும் அணியை அவுஸ்திரேலியாவுக்கு நடத்திச் சென்ற அவர், 1925இல் ஓய்வுற்று 1939இல் மறைந்தார்.

அவர் பெற்ற ஊதியம் இழந்த கூலிக்கு ஈடாகலாம். அன்று சிட்னியிற் காட்டிய உறுதிக்கு விலையில்லை. களம்புகும் எம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.